கிரீன் பே முதல் சுற்றில் யாரை எடுக்கும்?

வணக்கம் நேயர்களே. இன்று நான் பேச வந்திருப்பது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. உதைத்து ஆடும் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற ஆட்டம். அதன் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில், கல்லூரி அணிகளில் ஆடிய இளைஞர்களை இவை வரிசைக்கு ஒருவராகத் தேர்ந்துகொள்ளும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். இது ஏலம் இல்லை. பணம் அதிகம் உள்ளவர் முந்திக்கொள்ள வழியில்லை. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், கோப்பையை வென்ற அணி கடைசியில் எடுக்கும். எல்லா அணிகளுக்கும் ஒரு முறை வந்துபோவது ஒரு சுற்று. தன் முறையை ஓர் அணி வேறொன்றுக்குக் கைமாற்றவும் செய்யலாம். ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த இந்த யோசனை 1936இல் நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆருடம் பொய்க்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

முதல் சுற்றில் எந்த அணி யாரை எடுக்கும் என்று கணித்துச் சொல்வது அமெரிக்காவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓயாமல் நடக்கும் வேலை. பெரும்பாலான கணிப்புகள் ஒரே வழியில்தான் செய்யப்படுகின்றன: அணியில் எந்த இடம் பலவீனமாக இருக்கிறதோ, அந்த இடத்துக்கு மிஞ்சியிருப்பவர்களில் சிறந்தவரைப் பொருத்திவிடுவார்கள். அந்த வழி ஏன் அடிக்கடி ஏமாற்றுகிறது என்பதை ஓர் அணியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல விரும்புகிறேன். அது விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ்.

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முந்தைய பருவத்தில் 13 ஆட்டங்களில் வென்று, இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 37–20 என்று தோற்ற அணி அது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு வயது 36. அவர் எறியும் பந்தைப் பிடிக்க டவான்டே ஆடம்ஸை விட்டால் நம்பத்தக்க வைட் ரிசீவர் வேறொருவர் இல்லை. போதாக்குறைக்கு அந்த ஆண்டு ரிசீவர்கள் நிறைந்த ஆண்டு. ஆகவே பேக்கர்ஸ் ரிசீவரை எடுக்கும் என்பதில் பலருக்கும் ஐயமே இல்லை. பெருந்தொற்றுக் காலமானதால் கூட்டமில்லாமல், அவரவர் வீட்டிலிருந்தபடியே அந்த டிராஃப்ட் நடந்தது. முதல் 25 இடங்களுக்குள் ஆறு ரிசீவர்கள் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட், தன் 30ஆவது இடத்தோடு நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் மயாமிக்குக் கொடுத்து 26ஆவது இடத்துக்கு ஏறினார். ஏறி எடுத்தது ஜோர்டன் லவ் என்ற குவாட்டர்பேக்கை. டீ ஹிக்கின்ஸ், மைக்கேல் பிட்மன் போன்ற ரிசீவர்கள் அப்போதும் எஞ்சியிருந்தார்கள். அதைவிட வியப்பு, ஏழு சுற்றுகளும் முடிந்தபோது பேக்கர்ஸ் எடுத்திருந்த ஒன்பது பேரில் ஒரு ரிசீவர்கூட இல்லை.

இதை யாராலும் ஊகித்திருக்க முடியாது என்று அன்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2005ஆம் ஆண்டு ராட்ஜர்ஸையே பேக்கர்ஸ் எப்படி எடுத்தது? அப்போது புகழின் உச்சியில் இருந்த பிரெட் ஃபார்வ் அணியில் ஆடிக்கொண்டிருக்க, 24ஆவது இடம் வரை யாரும் தொடாமல் சரிந்துவந்த ராட்ஜர்ஸை அன்றைய பொது மேலாளர் டெட் தாம்சன் எடுத்து மூன்று ஆண்டுகள் ஓரத்தில் உட்கார வைத்தார். அந்த தாம்சனின் கீழ் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கும் பணியில் இருந்தவர்தான் குட்டகுன்ஸ்ட். லவ்வும் அதேபோல் மூன்று ஆண்டுகள் காத்திருந்து 2023இல் பொறுப்பேற்றார். இதற்கு ஒப்பந்த முறையிலும் ஒரு காரணம் உண்டு: முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருடைய நான்கு ஆண்டு ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை அணிக்குக் கிடைக்கிறது, மற்ற சுற்றுகளில் அது கிடையாது. காத்திருக்க வைக்க வேண்டிய இளைஞர் ஒருவரை எடுக்கும்போது அந்த ஓர் ஆண்டின் மதிப்பு பெரிது.

2022 இன்னும் தெளிவான சான்று. அந்த மார்ச் மாதம் பேக்கர்ஸ் ஆடம்ஸை லாஸ் வேகஸ் அணிக்குக் கைமாற்றிவிட்டு, பதிலுக்கு அதன் முதல் சுற்று, இரண்டாம் சுற்று வாய்ப்புகளைப் பெற்றுக்கொண்டது. முதல் சுற்றில் இப்போது இரண்டு இடங்கள். அணியிலோ முதல்தர ரிசீவர் ஒருவருமில்லை. இந்த முறையாவது தப்பாது என்றுதான் எழுதினார்கள். பேக்கர்ஸ் 22ஆவது இடத்தில் குவே வாக்கரையும் 28ஆவது இடத்தில் டெவான்டே வயட்டையும் எடுத்தது. இருவரும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தற்காப்பு ஆட்டக்காரர்கள். ரிசீவரான கிறிஸ்டியன் வாட்சனுக்கு இரண்டாம் சுற்றில்தான் முறை வந்தது.

பழைய ஏடுகளைப் புரட்டினால் காரணம் தானாகவே தெரியும். 2002இல் ஜவான் வாக்கரை எடுத்த பிறகு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அணி முதல் சுற்றில் ரிசீவரைத் தொடவே இல்லை. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், ஆடம்ஸ் எல்லோருமே இரண்டாம் சுற்றில் வந்து பெயர் வாங்கியவர்கள். நல்ல ரிசீவரை அடுத்த சுற்றிலும் கண்டுபிடிக்க முடியும் என்று அங்கே அமர்ந்திருப்பவர்கள் நம்பினார்கள், நம்பிக்கைக்கு ஆதாரமும் வைத்திருந்தார்கள். 2012 முதல் 2023 வரை முதல் சுற்றில் அவர்கள் எடுத்தவர்களில் தற்காப்பு ஆட்டக்காரர் அல்லாதவர் லவ் ஒருவர்தான்.

அதனால்தான், கணிப்பவர் அணியின் குறையைப் பார்ப்பதற்கு முன் தேர்ந்தெடுப்பவரின் கையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். குட்டகுன்ஸ்ட் வயதில் இளையவர்களை விரும்புகிறார். உடல் வலுவும் வேகமும் கொண்டவர்களை, கல்லூரியில் அவர்கள் சாதித்தது குறைவாக இருந்தாலும், எடுக்கிறார். 2023இல் 13ஆவது இடத்தில் அவர் எடுத்த லூகாஸ் வேன் நெஸ், அயோவா பல்கலைக்கழக அணியில் தொடக்க வரிசையில் ஒரு முறைகூட களமிறங்காதவர். கல்லூரி ஆட்டங்களின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவருக்கு அந்தப் பெயர் தோன்றியிருக்க நியாயமில்லை. தவிரவும், பேக்கர்ஸுக்கு மற்ற அணிகளைப் போலத் தனி முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களுக்குச் சொந்தமான அணி. டிராஃப்ட் இரவில் குறுக்கே வந்து தனக்குப் பிடித்த பெயரைச் சொல்ல ஒரு செல்வந்தர் இல்லாததால், பொது மேலாளரின் பழக்கமே அணியின் பழக்கமாக நிலைத்துவிடுகிறது.

பழக்கத்தைப் படித்தால் எல்லாம் கைகூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. 23ஆவது இடத்தில் எடுக்கும் அணிக்கு முன்னால் 22 அணிகளின் முடிவுகள் இருக்கின்றன. இடமாற்ற பேரங்கள் வேறு. 2025இல் குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே போவார் என்று எழுதாதவர்கள் குறைவு. அவர் ஐந்தாம் சுற்றில் 144ஆவது ஆளாகத்தான் போனார்.

அதே 2025இல் டிராஃப்ட் கிரீன் பேயிலேயே, லேம்போ திடல் அருகே நடந்தது. ஜனவரியில் வாட்சனுக்கு முழங்கால் தசைநார் அறுந்திருந்தது. பேக்கர்ஸின் முறை 23ஆவது. ஓய்வுபெறும் தருவாயில் இருந்த அணி நிர்வாகத்தின் தலைவர் மார்க் மர்ஃபி மேடையேறி, டெக்ஸஸ் பல்கலைக்கழக ரிசீவர் மேத்யூ கோல்டனின் பெயரைப் படித்தார். வந்திருந்த உள்ளூர் ரசிகர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் 23 ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. வழக்கத்தை மட்டும் நம்பியவர் அன்று தோற்றிருப்பார். ஆனால் கோல்டனும் 40 கெஜத்தை 4.29 வினாடியில் ஓடிக் காட்டியவர், 21 வயதுக்காரர். ஆட்டக்காரரின் இடம் மாறியதே தவிர, எடுப்பவரின் ரசனை மாறவில்லை.

இப்போதைக்கு இந்த ஆருடக்காரர்களுக்குக் கிரீன் பே வேலை தராது. 2025 ஆகஸ்டில் குட்டகுன்ஸ்ட், தன் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் கென்னி கிளார்க்கோடு 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் டாலஸ் அணிக்குக் கொடுத்து மைக்கா பார்சன்ஸை வாங்கினார். அவரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான்.