கிரெடிட் யூனியனின் சமூக நோக்கம்: நன்கொடையா, கடனா?

[திரையில்: ஒரு கடன் விண்ணப்பம். தொகை: 500 டாலர். காரணம்: கார் ரிப்பேர்.]

கார் ஓடினால்தான் வேலைக்குப் போக முடியும். சம்பளம் வர இன்னும் 2 வாரம் இருக்கிறது. கையில் சேமிப்பு இல்லை. அமெரிக்காவில் இப்படி மாட்டிக்கொள்ளும் ஒருவருக்கு உடனே கண்ணில் படுவது, அடுத்த சம்பளத்தில் திருப்பித் தரச் சொல்லிக் கடன் கொடுக்கும் சம்பள முன்கடன் கடைதான். அங்கே 100 டாலருக்கு 15 டாலர் கட்டணம் வாங்குவது சகஜம். கேட்க சின்னத் தொகைதான். ஆனால் அது 2 வாரத்துக்கான கட்டணம். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 400 சதவீதம்.

[திரையில்: இரண்டு பத்திகளாகக் கணக்கு எழுதப்படுகிறது.]

500 டாலருக்கு 2 வாரக் கட்டணம் 75 டாலர். கெடு வந்ததும் அசலைக் கட்ட முடியாமல், கட்டணத்தை மட்டும் கட்டித் தவணையைத் தள்ளிப்போட அனுமதிக்கும் மாநிலங்கள் இருக்கின்றன. அப்படியே 6 மாதம் ஓட்டினால் 13 தடவை கட்ட வேண்டும். மொத்தம் 975 டாலர் போயிருக்கும். அசல் 500 டாலர் அப்படியே நிற்கும்.

இதே 500 டாலரை ஒரு கிரெடிட் யூனியன், அதாவது உறுப்பினர்களே சொந்தமாக நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கம், தந்தால்? அமெரிக்காவில் இதற்கென்றே 2010 முதல் ஒரு சிறுகடன் விதி இருக்கிறது. வட்டி ஆண்டுக்கு 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது. ஒவ்வொரு தவணையிலும் அசலும் சேர்ந்து கழிய வேண்டும். 6 மாதத் தவணையில் வட்டி சுமார் 42 டாலர். கட்டணத்தையும் சேர்த்தால் 62. ஆறாவது மாதம் கடனே இல்லை.

ஒரு கிரெடிட் யூனியன் ஊருக்குச் செய்யும் மிகப் பெரிய நல்லது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்கு ஸ்பான்சர் செய்வது, பள்ளிக்கு நன்கொடை கொடுப்பது எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அதை எந்த நிறுவனமும் செய்யலாம். யாருக்குக் கடன் கொடுப்பது, என்ன வட்டிக்கு, கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்ற மூன்று முடிவுகளில் அதன் சமூக நோக்கம் தெரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இவர்களால் மட்டும் இது எப்படி முடிகிறது? இங்கே பணம் போடுகிறவர்களும் கடன் வாங்குகிறவர்களும் ஒரே உறுப்பினர்கள். அவர்கள்தான் உரிமையாளர்கள். சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. வெளியே லாபப் பங்குக்காகக் காத்திருக்கும் முதலீட்டாளர் யாரும் கிடையாது. மிஞ்சும் பணம், நஷ்டம் வந்தால் தாங்குவதற்கான காப்பு நிதிக்கும், சேமிப்புக்குக் கூடுதல் வட்டி தரவும், கடன் வட்டியைக் குறைக்கவும் போகிறது.

[திரையில்: 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கிராமம். கோட்டோவியம்.]

இதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்பவர் ஒரு கிராமப்புற மேயர். 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில், வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளும் வசதியானவர்களின் உதவியை நம்பியே சங்கங்கள் நடத்தினார். தருமம் செய்கிறவர்களின் ஆர்வம் நாளாக ஆகக் குறைந்தது. கடைசியில் 1864இல் ஹெடஸ்டார்ஃபில் அவர் தொடங்கிய கடன் சங்கத்தில், கடன் தேவைப்பட்ட விவசாயிகளே உறுப்பினர்கள். ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. தானம் வற்றிப்போன இடத்தில் இந்த ஏற்பாடு நின்றது, பரவியது.

கனடாவில் அல்ஃபோன்ஸ் டெஜார்டன் நாடாளுமன்ற விவாதங்களைக் குறிப்பெடுக்கும் வேலையில் இருந்தார். 1897இல் ஒரு உறுப்பினர் அவையில் பேசியதை அவர் கேட்டார்: மான்ட்ரியலில் 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர் 5,000 டாலர் வட்டி கட்ட வேண்டி வந்ததாம். அது அவரை உலுக்கியது. ஐரோப்பியக் கூட்டுறவுகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்து, 1900 டிசம்பரில் லெவி நகரில் ஒரு மக்கள் வங்கியை நிறுவினார். அடுத்த மாதம் கதவு திறந்த அன்று சேர்ந்த மொத்தப் பணம் 26 டாலர் 40 சென்ட்.

[திரையில்: கடன் அதிகாரியின் மேசை. காகிதங்கள் ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன.]

இப்போது அந்த 500 டாலர் விண்ணப்பத்துக்கே வருவோம். விண்ணப்பித்தவர் நாட்டுக்குப் புதிதாக வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் வரலாறு, அதாவது முன்பு கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு, கிடையாது. கணினி தரும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் கதை அங்கேயே முடிந்தது. அக்கறையுள்ள அதிகாரி அதோடு நிறுத்த மாட்டார். வாடகை ரசீதுகளை வாங்கிப் பார்ப்பார். போன் பில், மின் கட்டணம் நாள் தவறாமல் கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பார். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டு, தவணையை அதற்கு அடுத்த நாளில் வைப்பார். தவணையோடு ஒரு சிறு தொகை சேமிப்புக் கணக்குக்கும் போகும்படி சில இடங்களில் ஏற்பாடு உண்டு. கடன் முடியும்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கும். அடுத்த ரிப்பேருக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

ஒரு தவணை தவறினால்? மிரட்டல் கடிதத்துக்கு முன் ஒரு போன். வேலை போயிருந்தால் தவணையை நீட்டித் தருவது. வெளியில் யார் கண்ணிலும் படாத இந்தப் போன் பேச்சில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மூடி மறைக்கக் கூடாது. 500 டாலர் கடனுக்கும் 50,000 டாலர் கடனுக்கும் ஆகும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். சிறுகடனில் வரும் வட்டி அந்தச் செலவுக்கே காணாமல் போகலாம். அந்தப் பள்ளத்தை மற்ற உறுப்பினர்களின் கடன் வட்டிதான் நிரப்ப வேண்டும். மேலும், கடனாகப் போவது இன்னொரு உறுப்பினரின் சேமிப்பு. இரக்கப்பட்டுக் கணக்கில்லாமல் கொடுத்தால் அடிபடுவதும் எளிய மக்களின் பணம்தான். அதனால்தான் காப்பு நிதிக்கு அரசு அளவு வைக்கிறது. அமெரிக்காவில் நல்ல மூலதன நிலை என்று பெயர் வாங்க, நிகர மதிப்பு, அதாவது கொடுக்க வேண்டியதையெல்லாம் கழித்தபின் சங்கத்துக்கே மிஞ்சுவது, மொத்தச் சொத்தில் குறைந்தது 7 சதவீதம் இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் நின்றுகொண்டு, சிறுகடனுக்கென்று ஆண்டுக்கு இவ்வளவு ஒதுக்குகிறோம், இவ்வளவு நஷ்டம் வரை தாங்குவோம் என்று நிர்வாகக் குழு வெளிப்படையாக முடிவெடுக்க வேண்டும்.

நிதி விழிப்புணர்வு வகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நடத்தட்டும், நல்லதுதான். ஆனால் வரவு செலவு எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே ஆள் கடன் கேட்டு வந்தால் கதவைச் சாத்துவது நியாயமில்லை. வகுப்பும் கடனும் சேர்ந்தே வர வேண்டும்.

[திரையில்: ஆண்டுப் பொதுக்கூட்டம். பாதி நாற்காலிகள் காலி.]

கிரெடிட் யூனியன் பெரிதாக வளரும்போது, உறுப்பினர்கள் தங்களை வாடிக்கையாளர்களாக மட்டும் நினைக்க ஆரம்பிக்கிறார்கள். கூட்டத்துக்கு வருவது குறைகிறது. அப்புறம் நிர்வாகமும் வங்கி மாதிரியே யோசிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் உறுப்பினர் என்றால் தயவுசெய்து அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். ஆண்டறிக்கையில் நன்கொடைப் படங்கள் இருக்கும். அதைத் தாண்டிக் கேளுங்கள். போன வருடம் 1,000 டாலருக்குக் குறைவான கடன் எத்தனை பேருக்குக் கொடுத்தோம்? கடன் வரலாறு இல்லாதவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், ஏன்? தவணை தவறியவர்களில் எத்தனை பேருக்குத் திட்டத்தை மாற்றிக் கொடுத்தோம்? பதில் கையில் இல்லை என்றால், அடுத்த அறிக்கையில் இந்த எண்கள் இடம்பெற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர முடியுமா என்று விதிமுறையைப் பாருங்கள். இயக்குநர் தேர்தல் எப்போது என்பதையும் அப்படியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்பாளராக நிற்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது.