வாயால் சொல்ல முடிந்த பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். 1970-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். ஜூன் மாதம் வந்தால் பிள்ளை சேர்க்கை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் வயது சரி. அடுத்த கேள்வி, "பையன் பேரு என்ன?"

ஒரு தாய் பதில் சொல்லாமல் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்ப்பாள். "நீ சொல்லுடி." அவள் சொல்வாள், "கோவிந்தசாமிங்க." பெற்றவளுக்குப் பெயர் தெரியாமலா? அது மாமனார் பெயர். மருமகள் வாயால் சொல்லக்கூடாது. தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், பேரன். வீட்டிலே அவன் ராசா, தம்பி, சாமி. பெற்றவள் வாயால் தன் பெயரைக் கேட்காமலே வளர்ந்தவர்கள் உண்டு.

அவளுக்குப் பின்னால் நின்றவள் நான் கேட்கும் முன்னே, "இளங்கோவன் சார்" என்பாள். நல்ல சத்தமாக.

அறுபதுகளில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். இப்படித் தூய தமிழ்ப் பெயர் வைப்பதற்கு விதை முன்பே விழுந்தது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அதெல்லாம் தலைவர்கள் தாங்களே மாற்றிக்கொண்டது. வயல்காட்டுக்கு அது வந்து சேர்ந்தது 1965 இந்தி எதிர்ப்பு, 1967 ஆட்சி மாற்றம் என்ற அந்தச் சூட்டில்தான். கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே கைக்குழந்தையோடு வரிசையாக நிற்பார்கள், தலைவர் பெயர் வைக்கட்டும் என்று. அறிவழகன், தமிழ்ச்செல்வன், மதியழகன். செங்கொடி பறந்த தெருவில் லெனின்.

எல்லா வீடும் மாறிவிடவில்லை. முருகேசனும் மாரிமுத்துவும் எப்போதும் போல வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒரே வகுப்பில் மூன்று இளங்கோவன். எஸ், ஆர், டி என்று தலைப்பெழுத்தை வைத்துத்தான் கூப்பிடுவேன்.

பகுத்தறிவு, தமிழுணர்ச்சி என்று இதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், எல்லாம் சரிதான். என் கண்ணில் பட்டது வேறு. புதுப் பெயர் எந்தத் தாத்தாவுக்கும் சொந்தமில்லை. மருமகள் அதைத் தெருவில் நின்று உரக்கக் கூப்பிடலாம். சாயங்காலம் வாய்க்கால் கரையிலிருந்து "டேய் அறிவழகா!" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அதை எந்த மேடைப் பேச்சிலும் நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த இளங்கோவன்களே தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தினேஷ், விக்னேஷ், சதீஷ். ஷகரத்தை எழுத எழுத என் கை ஓய்ந்தது. "ஏம்ப்பா, தமிழ்ப் பேரு வைக்கலியா?" என்று ஒருவனைக் கேட்டேன். "அவுங்க அம்மா ஆசைப்பட்டா சார்" என்றான்.

சரி என்று பதிவேட்டில் எழுதினேன்: இ. தினேஷ்.