வெறும் 60 டைவ் போட்டவர் கையில் உங்கள் உயிர்! டைவ் கைடு ஆக என்ன தகுதி?

வணக்கம் மக்களே! முதலில் ஒரு கணக்கு. ஒரு ஸ்கூபா டைவ் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உலகத்திலேயே பெரிய டைவிங் பயிற்சி அமைப்பான பாடி (PADI), டைவ்மாஸ்டர், அதாவது கைடு, சான்றிதழ் கொடுக்கக் கேட்பது குறைந்தது 60 டைவ், அதுவும் கற்றுக்கொண்ட காலத்தில் போட்ட டைவையும் சேர்த்து. பெருக்கினால் 45 மணி நேரம். புதிதாக ஆபீஸில் சேர்ந்தவருக்கு முதல் வாரம் முடிந்து பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று தெரியவருமே, அவ்வளவுதான். அதற்குள் இங்கே ஒருவர் உங்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் தொழில்முறை கைடு ஆகிவிடலாம்.

பதறி வீடியோவை மூடிவிடாதீர்கள். இது குறைந்தபட்சம் மட்டுமே. ஆயிரக்கணக்கில் டைவ் போட்ட கைடுகளும் நிறைய இருக்கிறார்கள், ஆனால் இருவர் கையிலும் இருப்பது அதே சான்றிதழ் அட்டைதான்.

[திரையில்: 1953, 1966, ஐஎஸ்ஓ 24801-3]

வரலாறு, ஒரே மூச்சில்: பிரிட்டனில் பிசாக் (BSAC) என்ற டைவிங் அமைப்பு 1953-ல் வந்தது, பாடி 1966-ல் வந்தது, அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக, குழுவைக் கூட்டிப்போகும் டைவ் லீடருக்கென்று ஐஎஸ்ஓ 24801-3 என்ற தரநிலை வந்தது. முடிந்தது, தூங்கியவர்கள் எழுந்திருக்கலாம்.

பாடியில் தேர்வு எப்படி என்றால், 18 வயது ஆகியிருக்க வேண்டும், ரெஸ்க்யூ டைவர் சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி, மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். 400 மீட்டர் நீச்சல், 15 நிமிடம் மிதத்தல், மயங்கிய டைவரை 100 மீட்டர் இழுத்து வருவது என்று உடம்பை நன்றாகவே பிழிகிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது உபகரண மாற்றம். இரண்டு பேர் தண்ணீருக்கடியில் உட்கார்ந்துகொள்வார்கள். இருவருக்கும் சேர்த்து, சிலிண்டர் காற்றை இழுக்க வாயில் வைக்கும் ரெகுலேட்டர் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் இரண்டு மூச்சு, நான் இரண்டு மூச்சு என்று மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே உங்கள் மாஸ்க், காலில் மாட்டும் ஃபின்ஸ், சிலிண்டர் மாட்டிய ஜாக்கெட் எல்லாவற்றையும் நான் போட்டுக்கொள்ள வேண்டும், என்னுடையதை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். மாஸ்க்கைக் கழற்றினால் எதிரே இருப்பது மங்கலான நிழல், பட்டை எங்கேயோ சிக்கும், ஃபின்ஸ் ஒன்று மெதுவாக மேலே கிளம்பும், "இப்போது என் முறை, கொடுய்யா!" என்று கத்தவும் முடியாது, ஏனென்றால் வாயில் ஒன்றுமே இல்லை! கல்யாணத்துக்கு முன்னால் எல்லா ஜோடிக்கும் இதை ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. இதைச் செய்ய முடிந்தவர் நெருக்கடியில் சட்டென்று உதறமாட்டார். அந்த வகையில் நல்ல தேர்வுதான்.

ஆனால் இது அவருடைய பதற்றத்துக்கு வைத்த தேர்வு. கைடு வேலையோ உங்கள் பதற்றத்தைக் கவனிப்பது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு, அதனால் சிலிண்டர் காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். பழகிய கைடு நிதானமாக மூச்சு விடுவார், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அவர் மீட்டரில் 120 பார் (அழுத்த அளவு) இருக்கும்போது, படபடவென்று இழுக்கும் உங்களுடையதில் 60தான் இருக்கும். நல்ல கைடு விரலால் வட்டம் காட்டி ஓகேவா என்று கேட்பதோடு நிறுத்தமாட்டார், எத்தனை பார் என்று எண்ணாகக் கேட்பார். பயந்துபோன ஆள்கூட, கண் இரண்டும் பிதுங்கி நிற்கும்போதும், ஓகே என்று வட்டம் காட்டிவிடுவார். படகிலேயே திடீரென்று பேச்சை நிறுத்தியவர் யார், மாஸ்க் பட்டையைத் திரும்பத் திரும்ப இழுத்து விடுபவர் யார் என்று கண்ணை ஓட்டுவதும், இறங்கும்போது முதுகைக் காட்டாமல் குழுவைப் பார்த்தபடியே இறங்குவதும் அடிபட்டுப் பழகிய கைடிடம்தான் பார்க்க முடியும்.

சில வேலைக்குத் திறமைகூட வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம், ஐலீன் லோனர்கன் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. இரண்டு பேர் குறைகிறார்கள் என்று தெரியவே இரண்டு நாள் ஆனது. அவர்கள் கிடைக்கவே இல்லை. இதில் நான் ஜோக் அடிக்கப்போவதில்லை.

சட்டம்? பிரிட்டனில் சம்பளம் வாங்கும் கைடு 1997-ன் டைவிங் அட் வொர்க் விதிகளுக்குள் வருவார். பல இடங்களில் பயிற்சி அமைப்பின் அட்டைதான் எல்லாம். பாடியில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் அதற்காக மறுபடி அந்த 400 மீட்டரை நீந்திக் காட்டச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. 60 டைவ்கூடப் பரவாயில்லை, கடைசியாகக் கடலில் இறங்கி மூன்று வருஷம் ஆனவர் கையிலும் அட்டை பளபளவென்றுதான் இருக்கும்.

அதனால் எத்தனை டைவ் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், பெரிய எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். இதே இடத்தில் கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேளுங்கள், படகில் அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜன் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கையை நேராக நீட்டிக் காட்டினால் ஏறுங்கள். "இங்கேதான் எங்கேயோ இருந்தது" என்று சீட்டுக்கு அடியில் துழாவ ஆரம்பித்தால் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள், கட்டிய காசு போனால் போகட்டும்.

உங்கள் கைடு படகில் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி என்ன, கமெண்ட்டில் போடுங்கள். "போட்டோ வேணுமா?" என்றுதான் பாதிப் பேர் எழுதப்போகிறீர்கள், தெரியும்.