தொப்பை இருந்தா கில்ட்டுக்கு எப்படி அளவெடுக்கணும்?

[திரையில்: பேன்ட் லேபிளில் 42. பக்கத்தில், தொப்புளைச் சுற்றிய டேப்பில் 48.]

கில்ட்னா ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இடுப்புல சுத்திக் கட்டுற, பின்னாடி மடிப்பு வெச்ச பாவாடை மாதிரி உடை. ஸ்காட்லாந்துல அதைத் தைக்கக் கொடுக்கும்போது பேன்ட் சைஸைச் சொல்லிடாதீங்க. பேன்ட் நிக்கிறது தொப்பைக்குக் கீழ. கில்ட் நிக்க வேண்டியது தொப்புள் மட்டத்துல. வித்தியாசம் ஆறு அங்குலம்கூட வரும்.

வேட்டி மாதிரி தொப்பைக்குக் கீழ கட்டிக்கலாமேன்னு தோணும். கட்டலாம், ஆனா அதுக்குன்னே தைச்சிருக்கணும். மேல கட்டத் தைச்சதை இறக்கிக் கட்டினா விளிம்பு முழங்காலுக்குக் கீழ தொங்கும். அதனால இதை முதல்லயே முடிவு பண்ணுங்க. எங்க ஓட்டு தொப்புள் மட்டத்துக்குத்தான். நழுவாது.

[திரையில்: இடுப்பில் கட்டிய நாடா, தரைக்கு இணையாக.]

தொப்புள் மட்டத்துல ஒரு நாடா கட்டிக்கோங்க. இன்னொருத்தர் அளக்கட்டும், நீங்க குனிஞ்சாலே அளவு மாறிடும். வயித்தை எக்காதீங்க. நாடா மட்டத்துல ஒரு சுற்றளவு, புட்டம் அகலமா இருக்கிற இடத்துல ஒரு சுற்றளவு, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற உயரம், நாடாவுல இருந்து முழங்கால் சில்லு வரைக்கும் நீளம். நீளத்தை மட்டும் முன்னாடி தனியா, பின்னாடி தனியா எடுங்க. கில்ட்டுக்குக் கீழ மடிச்சுத் தைக்கிறதில்ல, நெசவுக் கரைதான் விளிம்பு. அதனால வயிறு துணியை இழுத்து முன்பக்கம் தூக்கினா, அதைக் கீழ சரிபண்ண முடியாது. மேல்பக்கத்தைத்தான் வெட்டிச் சரிபண்ணணும்.

[திரையில்: இரு விலாவிலும் சாக்பீஸ் குறி.]

பலரும் விடுறது இதைத்தான். விலாவுக்கு நேர் கீழ ரெண்டு பக்கமும் குறி போட்டு, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லணும். 48ல முன்னாடி 27, பின்னாடி 21 வரலாம். சொல்லாம விட்டு 24, 24ன்னு பிரிச்சுட்டா, ஏப்ரன், அதாவது முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மடிப்பில்லாத பாகம், வயித்தை மூடாது, பின்னாடி இருக்க வேண்டிய மடிப்பு பக்கவாட்டைத் தாண்டி முன்னாடி வந்துடும். ஏப்ரனை வயித்து அளவுலயே நேரா இறக்கணும், கீழ குறுக்கினா ஓரம் வாய் பிளக்கும்.

துணிக் கணக்கு பார்ப்போம். புட்டத்துல பின்பக்கம் 24 அங்குலம், மடிப்பு வெளிய தெரியுறது முக்கால் அங்குலம்னா, 32 மடிப்பு. கில்ட்டுக்கான கட்டம் போட்ட துணிதான் டார்டன். கட்டம் ஆறு அங்குலத்துக்கு ஒருதரம் திரும்புற டார்டன்ல, ஒரு மடிப்புக்கு ஒரு கட்டம்னு வெச்சா அதுக்கே 192 அங்குலம் போயிடும். உள், வெளி ஏப்ரன் ரெண்டுக்கும் 54. ஓர மடிப்புகளையும் சேர்த்தா எட்டு கஜம் சரியாப் போகும். இதுக்கும் பெரிய உடம்புன்னா ஒன்பது கேளுங்க. துணியை மிச்சம் பிடிக்க மடிப்பை ஒன்றரை அங்குலமாக்கினா பதினாறுதான் வரும், பின்பக்கம் தட்டையாத் தெரியும். துணி 16 அவுன்ஸ் கம்பளி நல்லது, கனத்துல நேரா விழும். மெல்லிசுன்னா உடம்போட ஒட்டும்.

[திரையில்: பின்பக்கம், மடிப்புகள் நெருக்கத்தில்.]

போட்டுப் பார்க்கும்போது மடிப்பு விரிஞ்சு நின்னா புட்டத்துல இறுக்கம். புட்டத்துக்கு அடியில உள்ள மடங்கினா, மடிப்பைப் பிடிச்சிருக்கிற தையல் அகலமான இடத்தைத் தாண்டி இறங்கியிருக்கு. வாரை நடு ஓட்டையில மாட்டி நாற்காலியில உட்காருங்க. வயித்தை அழுத்தினா ஒரு ஓட்டை தளர்த்த இடம் இருக்கணும். ஸ்போரன், அதாவது கில்ட்டுக்கு முன்னாடி தொங்குற பை, அதோட சங்கிலியையும் புட்டத்துச் சுற்றளவு சொல்லியே வாங்குங்க.