ஏவன் ஆறும் ஸ்டோன்ஹெஞ்சும்: இதில் கெல்ட்டுகளின் பங்கு எது?

சரி, அடுத்த கேள்வி. "ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரிலும் ஏவன் ஆறு ஓடுகிறது, ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் பக்கத்திலும் ஏவன் ஓடுகிறது. இரண்டும் ஒரே ஆறா? அந்தக் கற்களை நட்ட கெல்ட்டுகள் வைத்த பெயரா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

ஒரே ஆறு இல்லை. ஷேக்ஸ்பியர் ஊரின் ஏவன் செவர்ன் ஆற்றில் கலக்கிறது. ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்து ஏவன் தெற்கே ஓடிக் கடலில் விழுகிறது. பிரிஸ்டல் வழியாகப் போவது இன்னொரு ஏவன். ஆங்கிலம் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த கெல்ட்டுகள் பேசிய கெல்டிக் மொழியில் 'அபோனா' என்றாலே ஆறுதான். வெல்ஷ்காரர்கள் இன்றும் ஆற்றை 'அவொன்' என்கிறார்கள். உள்ளூர்க்காரர் "ஆறு" என்று சொன்னதை, வந்தவர்கள் அந்த ஆற்றின் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். ஆக, 'ரிவர் ஏவன்' என்றால் 'ஆறு ஆறு'. நாம் 'நடு சென்டர்' என்று சொல்வதில்லையா, அந்தக் கதைதான். லங்காஷயரின் 'பெண்டில் ஹில்' இதையும் மிஞ்சும். கெல்டிக் 'பென்' குன்று, அதோடு ஒட்டிய பழைய ஆங்கில 'ஹில்' குன்று, அது தேய்ந்து 'டில்' ஆனதும் மறுபடி ஒரு 'ஹில்'!

ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. கெல்டிக் மொழி பிரிட்டனுக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கெல்ட்டுகளின் பூசாரிகளான ட்ரூயிடுகள் கட்டிய கோயில் இது என்ற பேச்சைக் கிளப்பியவர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டு ஆர்வலர்களான ஜான் ஆப்ரியும் வில்லியம் ஸ்டக்லியும். அந்தக் கற்களின் காலத்தைக் கணக்கிட அப்போது வழியே இல்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெயரும் கெல்டிக் இல்லை, பழைய ஆங்கிலம்.

கெல்டிக் தடம் வேண்டுமென்றால் பக்கத்து சாலிஸ்பரிக்குப் போங்கள். ஊருக்கு வெளியே பழைய சேரம் என்ற மேட்டில் இரும்புக்கால மண்கோட்டை இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அந்த இடத்தின் பெயர் சோர்வியோடூனம். அதில் 'டூனம்' என்பது கோட்டையைக் குறிக்கும் கெல்டிக் சொல். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதை எடுத்துவிட்டுத் தங்கள் 'பரி'யைப் போட்டார்கள். அதற்கும் கோட்டை என்றுதான் பொருள்.