ஹிட்ச்கொக்கின் ஆக மோசமான படம்

(போன பௌர்ணமிப் போயாவன்று கிளிநொச்சியில் எங்கள் படம் பார்க்கும் கூட்டத்துக்கு முன்னால் பேசியது. அன்று வாயில் வராமல் போன ஒன்றிரண்டு விசயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மின்விசிறிதான் சுற்றுகிறது, அதற்குக் கீழே இடம் பிடித்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கெதியாக முடிக்கப் பார்க்கிறேன்.

நாலு மாதமாக இங்கே இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக்கின் படங்கள் போடுகிறோம். ‘சைக்கோ’ திறம், ‘ரியர் விண்டோ’ திறம், அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. அந்தாள் ஐம்பதுக்கு மேல் முழுநீளப் படம் எடுத்தவர், அவ்வளவும் திறமாக வந்திருந்தால் அவர் மனிசனே இல்லை. அப்படியென்றால் ஆக மோசமானது எது என்று போன மாதம் மாஸ்ரர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார், அன்று தொடங்கி ரீ குடிக்கிற இடமெல்லாம் இதே கதைதான்.

ஒரு படத்தை மட்டும் போட்டியில் சேர்க்க முடியாது. 1926இல் வந்த ‘மௌன்டன் ஈகிள்’. ஊமைப்படம், ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோ 1962இல் ஹிட்ச்கொக்கை நாட்கணக்காக இருத்திவைத்துப் பேட்டி கண்டபோது, அது மோசமான படம், தொலைந்ததில் தனக்குக் கவலையில்லை என்ற மாதிரித்தான் சொல்லியிருக்கிறார். போரில் கல்யாண அல்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லையே என்று இன்றைக்கும் சொல்லி அழுகிற வீடுகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது.

சரி, மோசம் என்றால் என்ன? இணையத்தில் நட்சத்திரம் போடுவார்கள், பத்துக்கு ஐந்து, பத்துக்கு ஆறு. எனக்கு அது பிடிபடவில்லை. என்னிடம் வேறு அளவுகோல் இருக்கிறது, அது இந்த மண்ணில் கிடைத்தது.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை என்பது வயதானவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, பின்வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு ஒரு ரீவி, ஒரு வீடியோ டெக். ஜெனரேற்றருக்குச் சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிறு இழுத்து, அது பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில்தான். வீட்டுக்காரர் தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து எண்ணெய் வாங்கியிருப்பார், முற்றத்தில் பாய் விரித்திருக்கும், படம் நல்ல இடத்துக்கு வரும்போது மெசின் இருமத் தொடங்கும். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது இருமலோடு திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும். ஒருத்தரும் எழும்பமாட்டார்கள். அந்தப் படத்தை வேறு ஊரில் ஏற்கெனவே பார்த்த அண்ணை ஒருவர் கூட்டத்தில் இருப்பார், அவர் இருட்டிலே மிச்சக் கதையைச் சொல்லுவார். சில படத்தின் மிச்சம் படத்தைவிட நன்றாக இருக்கும். சில படத்துக்கு அந்த அண்ணையே, “பிறகென்ன, எல்லாரும் சந்தோசமா இருப்பினம், போய்ப் படுங்கோ” என்று விடுவார்.

இதுதான் என் அளவுகோல். மண்ணெண்ணெய் முடிந்த பிறகும் இருட்டில் சொல்லக்கூடிய ஒரு காட்சியாவது இருக்கிறதா?

மாஸ்ரரின் தெரிவு ‘டோபாஸ்’, 1969. உலகத்தில் பாதிப்பேர் அந்தக் கட்சிதான், காரணமும் இருக்கிறது. கியூபா ஏவுகணை நெருக்கடியை வைத்து நாடு நாடாக அலைகிற உளவாளிக் கதை, யாருக்காகப் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டு மணித்தியாலம் போகிறது. முடிவு எப்படி வைப்பது என்று தெரியாமல் மூன்று விதமாக எடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்று விளையாட்டரங்கில் துப்பாக்கிச் சண்டை, முன்னோட்டம் பார்த்த சனம் சிரித்துவிட்டது. எல்லாம் உண்மைதான் மாஸ்ரர். ஆனால் கியூபா வீட்டில் அந்தப் பெண் சுடப்படுகிற இடம்? அவளை விரும்புகிறவனே கட்டிப்பிடித்தபடி சுடுகிறான், கமரா உச்சியில் நிற்கிறது, அவள் சரிய அவளுடைய ஊதா உடுப்பு தரையில் பூ விரிகிற மாதிரி மெல்ல விரிகிறது. உடுப்பில் நூல் கட்டி, கமராவுக்குப் படாமல் ஆட்கள் நின்று இழுத்திருக்கிறார்கள். இதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா படமே பார்க்காத ஆள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன் அழுதவனோ?” என்று மட்டும் கேட்டா. ஆகவே ‘டோபாஸ்’ தப்பிவிட்டது.

அதற்கு முந்திய ‘டோர்ன் கேர்ட்டன்’, 1966, அதுவும் இப்படித்தான். போல் நியூமனும் ஜூலி அன்ட்ரூசும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஆட்கள் மாதிரி ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் நிற்கிறார்கள், கதை இழுபடுகிறது. ஆனால் அந்தப் பண்ணை வீட்டுக் குசினி! நியூமனும் பண்ணைக்காரியும் ஒரு உளவுக்காரனைக் கொல்லவேண்டும், வெளியே ராக்சிக்காரன் நிற்கிறான், துவக்குச் சத்தம் கேட்கக்கூடாது. கத்தி குத்துப்பட்டு முறிகிறது, மண்வெட்டியால் காலில் அடிக்கிறாள், அவன் சாகிறானில்லை, கடைசியில் இழுத்துக்கொண்டுபோய்த் தலையை காஸ் அடுப்புக்குள் வைக்கிறார்கள், அவன் கைவிரல்கள் படபடத்து ஓய்கின்றன. பின்னணி இசை ஒரு துளி இல்லை. ஒரு மனிசனைக் கொல்லுவது எவ்வளவு பெரும்பாடு என்று காட்டத்தான் அப்படி எடுத்தேன் என்கிறார் ஹிட்ச்கொக். சினிமாவில் ஒரு வெடிக்குப் பத்துப்பேர் விழுகிற காலத்தில்.

அடுத்தது ‘ஸ்டேஜ் ஃபிரைட்’. 1950இல் வந்தது, பழைய நினைவாகக் காட்டுகிற காட்சி பொய் என்று கடைசியில் தெரிகிறது, சனம் கோபப்பட்டது, தானே அதைப் பிழை என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அது பிழையாகப் படவில்லை. பொய் சொல்கிறவன் கதை சொல்லும்போது கண்ணுக்கு முன்னால் படம் ஓடத்தானே செய்யும். இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

‘சபோட்டாஜ்’ பற்றித்தான் கதைக்கவேண்டும். 1936. ஒரு பொடியன் படச்சுருள் பெட்டிகளோடு ஒரு பொதியையும் தூக்கிக்கொண்டு லண்டன் தெருவில் போகிறான். பொதிக்குள் குண்டு, நேரம் ஒன்றே முக்காலுக்கு வைத்திருக்கிறது. எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வழியில் வேடிக்கை பார்க்கிறான், பிந்துகிறது. பஸ்ஸில் ஏறுகிறான், பக்கத்தில் இருக்கிற நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். குண்டு வெடிக்கிறது. பஸ்ஸோடு பொடியனும் போய்விடுகிறான்.

இதையும் ஹிட்ச்கொக் பிழை என்றுதான் சொன்னார். அவ்வளவு பதற்றம் ஏற்றினால் கடைசியில் சனத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்கவேண்டும், பிள்ளையைச் சாகக் கொடுத்தது சனத்தை ஆத்திரப்படுத்திவிட்டது என்பது அவருடைய கணக்கு. நாங்கள் இங்கே போட்டபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவரும் ஆத்திரப்படவில்லை. பஸ் வெடிப்பதற்கு முன்னமே, நாய்க்குட்டி வருகிற இடத்திலேயே, முன்வரிசையில் இருந்த ரீச்சர் எழும்பி வெளி விறாந்தையில் போய் நின்றா. படம் முடிந்துதான் உள்ளே வந்து, “நேரம் பிந்தினால் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு ரீ கப்புகளை எடுத்து அடுக்கினா. அதற்குப் பிறகு அந்தப் படத்தை ஆக மோசமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆகச் சிறந்தது என்று சொல்லவும் வரவில்லை. அதை இந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்துவிடுவோம்.

அப்போ என் வாக்கு எதற்கு? ‘ஜமைக்கா இன்’, 1939. ஹொலிவூட் போவதற்கு முன் இங்கிலாந்தில் அவர் கடைசியாக எடுத்தது. கடற்கரை எச்சரிக்கை விளக்கை மறைத்து, கப்பல்களைப் பாறையில் மோதவிட்டுக் கொள்ளையடிக்கிற கூட்டம். நல்ல கதைக்கரு, டஃப்னி டு மோரியேயின் நாவல். நாவலில் கூட்டத்தின் தலைவன் ஒரு பாதிரியார், அது கடைசிவரை மறைவாகவே இருக்கும். அமெரிக்கத் தணிக்கைக்காரர் பாதிரியாரை வில்லனாக விடமாட்டார்கள் என்று அவரை ஊர்ப் பெரியவராக மாற்றினார்கள். அந்தப் பாத்திரத்தில் சார்ள்ஸ் லோட்டன், அவர் நடிகர் மட்டுமில்லை, படத்தின் தயாரிப்பிலும் பங்காளி. அவருக்கு நிறையக் காட்சி வேண்டும், அதனால் அவர்தான் தலைவன் என்பது ஆரம்பத்திலேயே உடைந்துவிடுகிறது.

மாஸ்ரர் இப்போ என்னை மடக்கப் பார்ப்பார், தெரியும். மேசைக்குக் கீழே குண்டு இருப்பது பார்க்கிற எங்களுக்கு முன்னமே தெரிந்தால்தான் சஸ்பென்ஸ், திடீரென்று வெடித்தால் அது வெறும் அதிர்ச்சி என்று இதே ஹிட்ச்கொக் சொல்லவில்லையா, அப்படியானால் தலைவன் யாரென்று முன்னமே தெரிவது நல்லதுதானே என்று. (குண்டு என்ற சொல்லை இந்த ஊரில் உதாரணத்துக்கு எடுக்க வாய் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.) நல்லதுதான், ஆனால் குண்டு மேசைக்குக் கீழே பேசாமல் கிடக்கவேண்டும். மேலே இருப்பவர்கள் சாப்பிடவேண்டும், கதைக்கவேண்டும், நாங்கள்தான் தவிக்கவேண்டும். லோட்டன் என்ன செய்கிறார்? புருவத்தைத் தூக்குகிறார், கண்ணை உருட்டுகிறார், நடையிலும் ஒரு ராகம் போடுகிறார். மேசைக்குக் கீழே கிடக்கவேண்டிய குண்டு மேசையில் ஏறி நின்று ஆடுகிறது. பிறகு கதாநாயகிப் பெட்டை உதவி கேட்டு அவரிடமே ஓடும்போது எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இதையும் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். கப்பல், விளக்கு, கொள்ளைக்காரர் வரைக்கும் நன்றாகத்தான் போனது. “பெரியவர்தான் கள்ளன், அது எங்களுக்குத் தெரியும்” என்றதும் அம்மா, “பிறகென்ன” என்று சுளகை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டா.

மாஸ்ரர் அங்கே இருந்து தலையாட்டுகிறார், அது ஓம் என்கிற ஆட்டம் இல்லை. வாங்கோ மாஸ்ரர், மைக்கைப் பிடியுங்கோ, வயர் கொஞ்சம் லூஸ், அசைக்காமல் கதையுங்கோ.