பால்மா இல்லாமல் இந்த நொதியத்தைப் பிடிப்பது கடினம்!

[காட்சி: அட்டனில் ஒரு சமையலறை. தேநீர்க் கோப்பை, பக்கத்தில் பிரித்த பால்மா பக்கெட்]

வணக்கம் உறவுகளே! அம்மா தேநீருக்குக் கலக்கும் இந்தப் பால்மாவின் கொழுப்பு நீக்கிய வகை, உயிரியல் ஆய்வுகூட அலுமாரியிலும் இருக்கிறது. குடிப்பதற்கு அல்ல!

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நமது கலங்களில் ஏடார்-1 என்றொரு நொதியம் இருக்கிறது. ஆர்.என்.ஏ. இழையில் உள்ள அடினோசினை அது இனோசினாக மாற்றுகிறது. கலம் அதைக் குவானோசின் என்றே வாசிக்கிறது. இந்தத் திருத்தம் நடக்காவிட்டால், சொந்த ஆர்.என்.ஏ.யையே வைரஸ் என்று எண்ணி உடல் சண்டைக்குப் போய்விடும்.

அந்த நொதியத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் பிறபொருளெதிரி, அதாவது குறித்த ஒன்றைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம். கலங்களை உடைத்து, புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரித்து, நைத்திரோசெலுலோசுத் தாளுக்கு மாற்றுவார்கள். அந்தத் தாள் எந்தப் புரதத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். பிறபொருளெதிரியும் புரதம்தானே! நேரே ஊற்றினால் தாள் முழுவதும் ஒட்டி, படம் கறுத்துப்போகும்.

[காட்சி: தட்டில் மெல்ல ஆடும் வெள்ளைக் கரைசல்]

ஆகவே 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் பால்மா கரைத்து, தாளை ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் வெற்றிடமெல்லாம் அமர்ந்துவிடுகிறது. காலையில் அட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். தலவாக்கலையில் ஏறுகிறவருக்கு எங்கே இடம்? பையை வைத்து இடம் பிடித்த அக்கா உள்ளே இருந்தால் மட்டுமே உட்காரலாம். பிறபொருளெதிரிக்கு அந்த அக்காதான் ஏடார்-1! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. பொஸ்பேற்று ஏறிய புரதங்களைத் தேடும்போது மட்டும் பால்மாவைத் தவிர்ப்பார்கள். கேசீனிலேயே பொஸ்பேற்று உண்டு.

பிறகு பிறபொருளெதிரியை ஊற்றி, அதன்மேல் ஒட்டி ஒளி உமிழச் செய்யும் இரண்டாவது பிறபொருளெதிரியையும் ஏற்றினால், 150, 110 கிலோடால்டன் (புரதத்தின் திணிவைச் சொல்லும் அலகு) அருகே இரண்டு கோடுகள் தெரியும். ஒரே பரம்பரையலகின் இரண்டு வடிவங்கள் அவை. வைரஸ் வந்தால் கலங்கள் விடும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்பெரோன் கொடுத்த கலங்களில் 150 தடித்துவிடும்.

ஆனால் கோடு தெரிந்ததும் நம்பிவிடாதீர்கள்! ஏடார்-1 பரம்பரையலகை நீக்கிய கலங்களையும் பக்கத்து வரிசையில் ஓடவிட வேண்டும். அங்கே இரண்டு கோடுகளும் மறைய வேண்டும். மறையாவிட்டால், அந்தக் குப்பியிலுள்ள பிறபொருளெதிரி வேறு எதையோ பிடித்திருக்கிறது. வாங்குவதற்கு முன் அந்த வெற்று வரிசையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பி, தங்கைகளே, பால்மாவுக்குப் பதிலாக வேறு எந்தப் புரதத்தைப் பயன்படுத்தலாம்? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிக்கிறேன்.